மடியில் மூன்று பீஸ் கட்டை

எங்கள் சித்தப்பா கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் கொண்டுவந்தபோது, மல்லசமுத்திரத்தைச் சுற்றி எவர் வீட்டிலும் அப்படி ஒரு பொருள் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ வைத்திருந்து, அலுத்துப்போய் விற்ற பழசு. பார்ப்பதற்குத் தடிமனான டைப்ரைட்டர் பலகை, அவ்வளவுதான். அதிலிருந்து டிவிக்கு ஒரு வயர், டேப் ரெக்கார்டருக்கு ஒரு வயர். பாட்டுக் கேட்கிற கேசட்டில்தான் அதன் புரோகிராம்கள் இருக்கும். டேப்பை ஓடவிட்டால் பத்து நிமிடம் கீச்சுக் கீச்சென்று கத்தும். கத்தி முடித்ததும் திரையில் புரோகிராம் திறக்க வேண்டும்.

திறந்தால்தானே. கோயமுத்தூரில் போட்டதும் திறந்ததாம். எங்கள் வீட்டில் பாதி வழியில் திரை ஒருமுறை சிமிட்டும், அதுவரை வாங்கிக்கொண்டதெல்லாம் அழிந்துபோகும். இரண்டும் மூன்றும் எத்தனை என்று தட்டினால் மட்டும் ஐந்து என்று சமர்த்தாகப் பதில் சொல்லும். அதைச் சொல்ல நானே போதும். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

சித்தப்பாவுக்கோ அது விளையாட்டுச் சாமான் இல்லை. ஊரில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர், கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தத் தன் முன்னறையைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன் என்றார். அப்பா அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தரத் தயாராக இல்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தப் பொட்டி ஓடலீன்னா, திங்கக்கெழம போர் வண்டியில ஏறிரு தம்பி" என்றார். அப்பாவுக்குப் பங்கு இருந்த அந்த வண்டி ஆழ்துளைக் கிணறு தோண்ட மத்தியப் பிரதேசம் போகிறது. போனால் எட்டு மாதம். புழுதி, இரைச்சல், சித்தப்பாவுக்கோ இரண்டும் ஆகாது. எனக்கும் சித்தப்பா இல்லாத வீடு ஆகாது.

மூன்று நாட்களாக அவர் படாத பாடு பட்டார். டேப்பின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார். கேசட்டை மாற்றினார், வயரை மாற்றினார், சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். போர் வண்டி மெக்கானிக் ஒருவர் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஏர் புடிச்சிருக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு உலகத்தில் எந்தக் கோளாறும் ஏர் பிடித்ததுதான். பொழுது சாய்ந்தால் எங்கள் பக்கம் கரண்டும் இருக்காது, எதைச் செய்தாலும் பகலில்தான்.

ஞாயிறு மதியம் வயரை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன். கிணற்றுப் பக்கம் மோட்டார் கும்மென்று கிளம்பியது. உடனே பல்பு மங்கியது. டிவிக்கும் பொட்டிக்கும் கரண்டு தந்த ஸ்டெபிலைசர் டக்கென்றது. திரை சிமிட்டியது. போச்சு. மறுபடி போட்டார். இந்த முறை மோட்டார் நிற்கும்போது டக். மூன்றாம் முறையும் அதேதான்.

"சித்தப்பா, கோளாறு பொட்டியில இல்லீங்க. கெணத்து மோட்டார்லங்க."

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. சித்திரை மாதம், எட்டு நிமிடம் இறைத்தால் கிணறு காலி, நிறுத்தி ஏழெட்டு நிமிடம் ஊறவிட்டு மறுபடி இறைக்க வேண்டும். புரோகிராமுக்கோ பத்து நிமிடம் வேண்டும். எப்போது தொடங்கினாலும் நடுவில் ஒரு டக் நிச்சயம். கரண்டு லைனின் கடைசிக் கம்பம் எங்களுடையது, அந்தக் கம்பத்தில் இருந்த ஒரே மோட்டாரும் அதுதான்; அது ஓடினாலும் நின்றாலும் வீட்டுக் கரண்டு இறங்கி ஏறும்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் குதிக்க, சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். கிணறு பொது. மூன்று நாள் எங்கள் முறை, மூன்று நாள் பெரியப்பா முறை. அன்று பெரியப்பா முறையின் கடைசி நாள். அப்பாவுக்கும் அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. யார் முறையில் யார் அரை மணி கூடுதலாக இறைத்தார்கள் என்பதில் வந்த சண்டை. அந்த ஆளிடம் போய், முறை நாளில் மோட்டாரை நிறுத்தச் சொல்வதா? பெரியவர்களுக்கு வாய் வராது. எனக்கு வாய்க்கு என்ன குறைச்சல், ஓடினேன்.

பெரியப்பா மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"உங்கப்பன் சொல்லி உட்டானா?"

"இல்லீங்க. அப்பாவுக்குத் தெரியாதுங்க. பொட்டி ஓடலீன்னா சித்தப்பாவ நாளைக்கு வண்டியில ஏத்தி உட்டுருவாங்க."

"எந்த வண்டி?"

"போர் வண்டிங்க. மத்தியப் பிரதேசமுங்க."

அவர் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார். மரவள்ளிக்குப் பாதிதான் தண்ணீர் பாய்ந்திருந்தது. எழுந்து மோட்டாரை நிறுத்தினார். அதோடு விடாமல் சுவிட்சுப் பலகையிலிருந்து, மோட்டாருக்குக் கரண்டு விடும் மூன்று பீங்கான் பீஸ் கட்டைகளையும் பிடுங்கி என் பாவாடை மடியில் போட்டார்.

"பளக்கத்துல என்ற கை தன்னால சுச்சப் போட்டுரும். இத நீயே வெச்சுக்க சாமி. வேல முடிஞ்சதும் கொண்டாந்து குடு."

அந்த மூன்று கட்டைகளை மடியில் முடிந்துகொண்டு வரப்பில் நடந்தேனே, அப்படி ஒரு நடை அதற்குப் பிறகு நான் நடந்ததில்லை.

சரியாக மூன்று மணிக்குத் தட்டச்சுப் பள்ளிக்காரர் வந்தார். டேப் கத்தத் தொடங்கியது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். ஸ்டெபிலைசர் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடம் கத்தல் நின்றது. திரை வெளுத்து, உங்கள் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டது. தட்டச்சுக்காரர் பலகையைப் பார்க்காமலே பத்து விரலாலும் தன் பெயரைத் தட்டினார். திரை அவருக்கு வணக்கம் சொல்லி, மேலிருந்து கீழ்வரை அவர் பெயரையே எழுதி நிரப்பியது. அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார்.

"ஒரு எடத்துலகூடத் தப்பு இல்லீங்களே" என்று சொல்லி, அறைச் சாவியை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தார்.

சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கோளாறைக் கண்டுபிடித்தது இவள்தான் என்று வந்தவரிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார், வாசலில் போனவரிடமும் சொன்னார். அம்மா கேசரி கிண்டினாள். தலை கனத்துப்போய் நான் எல்லோர் பெயரையும் தட்டிக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்போதுதான் அப்பா கேட்டார், "உன்ற மடியில என்னது?"

அப்போதுதான் கட்டைகள் நினைவுக்கு வந்தன. பெரியப்பா எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். பீஸ் கட்டை இல்லாமல் இறைக்கவும் முடியாது. முறையின் கடைசி நாளில் ஒரு முழு மாலை கிணற்றடியில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். நடந்ததை அழுதுகொண்டே சொன்னேன். அப்பா திட்டவில்லை. கட்டைகளை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டு, "இரு, நானே போயிட்டு வாரேன்" என்று வரப்பில் இறங்கினார். கிணற்றடிக்குப் போய்வர ஐந்து நிமிடம். அவர் வர நன்றாக இருட்டிவிட்டது. கேசரி வேண்டாம், அங்கேயே சாப்பிட்டாச்சு என்றார்.

திங்கட்கிழமை போர் வண்டி சித்தப்பா இல்லாமலே போனது. அன்றிலிருந்து தண்ணீர் எங்கள் முறை. வேடிக்கை பார்க்கப் போனேன். அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மடையைப் பெரியப்பாவின் பாதி நனைந்த மரவள்ளிக்குத் திருப்பியிருந்தார். பெரியப்பா மண்வெட்டியோடு வந்து அதை அடைத்து எங்கள் காட்டுக்கு வெட்டிவிட்டார். அப்பா போய் அதை அடைத்து மறுபடி அந்தப் பக்கமே திருப்பினார். இரண்டு பேரும் விடுவதாக இல்லை. தண்ணீர் யார் காட்டுக்கும் போகாமல் நடுவில் நின்று குளம் கட்டியது.

நேற்றுத்தான் அவ்வளவு பெரிய கோளாறைக் கண்டுபிடித்தவள், சும்மா இருப்பேனா. ஓடிப்போய் நடுவில் நின்று, "இன்னைக்கு நம்ம முறைங்கப்பா, பெரியப்பா சரியாத்தான் வெட்டறாங்க, நீங்கதான் தப்பாத் திருப்பறீங்க" என்று விளக்கினேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சரியாகச் சொன்னவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தில், அன்று பொழுதுக்கும் இரண்டு பேரிடமும் நான் பேசவில்லை.