சுவரில் ஒட்டிய பிழை

முதலாவது தாளை நான் ஒட்டிய அந்த வெள்ளிக்கிழமைக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பொலிஸ் நிலையத்தின் வெளிமதிலில், தெருவால் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசிக்கக்கூடிய உயரத்தில், ஒரு சதுரத்துக்கு மட்டும் வெள்ளை அடித்து, மேலே மழைக்கு ஒரு தகரமும் வைத்திருந்தார்கள். அதில் நான் பசை பூசி ஒட்டியது ஒரே ஒரு பக்கம். நிலையத்தில் இருந்த அரச சட்டத்தரணி அந்தக் கிழமை முழுவதும் எத்தனை வழக்குக் கோவைகளை வாசித்தார், ஒவ்வொன்றுக்கும் என்ன ஆலோசனை சொன்னார், ஏன் சொன்னார், அவரைப் பார்க்க யார் யார் வந்தார்கள் என்ற விவரம். ஒட்டி முடித்துத் திரும்பினால் பின்னால் பதினைந்து இருபது பேர். பரீட்சை முடிவு வந்த பள்ளிக்கூட வாசல் மாதிரி நெரிசல். "உதிலை எங்கடை ஊர் ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று ஓர் அண்ணை கேட்டார். பிடிபட்டவர்களின் பெயர்கள் போடுவதில்லை என்றேன். "பேர் இல்லாட்டில் பிறகென்னத்துக்கு வாசிக்கிறது" என்று சலித்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையைக் கூடத் தவறவிட்டதில்லை.

நான் அங்கே போனது தற்செயல். பிரதேச செயலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னை ஆறு மாதத்துக்கு இரவல் கொடுத்தார்கள். வழக்கமாகப் பொலிசாரே பிடிப்பார்கள், பொலிசாரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அரச சட்டத்தரணிமார் எங்கோ தூரத்துக் கந்தோரில் இருந்து, பெரிய வழக்கென்றால் மட்டும் கோவையைப் பார்ப்பார்கள். அப்படி இல்லாமல், ஒருவரை நிலையத்துக்குள்ளேயே இருத்தி, ஆளைக் குற்றஞ்சாட்ட முன்னமே சாட்சி போதுமா என்று பார்க்கச் சொல்வதுதான் அந்த ஆறு மாதப் பரீட்சார்த்தத் திட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் என் தலைமுறை பொலிஸ் நிலையத்தைக் கண்டால் தெருவின் மற்றக் கரைக்கு மாறி நடந்த தலைமுறை. வீட்டில் மச்சாள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஆரும் கேட்டால் கச்சேரியிலை வேலை எண்டு சொல்லுங்கோ." கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம்.

அந்த அரச சட்டத்தரணியை நாங்கள் எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். பருத்தித்துறைப் பெண். என்னைவிடப் பதினேழு வயது இளையவர், என்னை அக்கா என்பார். முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, நடக்கிறாரா ஓடுகிறாரா என்று தெரியாத வேகத்தில் உள்ளே வருவார். தாள் ஒட்டுகிற யோசனை அவருடையது. நிலையப் பொறுப்பதிகாரிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அவர் கிழக்கு மாகாணத்து மனிதர், நேர்மையானவர், ஆனால் சுவரில் எதை ஒட்டினாலும் தலையிடி வரும் என்று நம்புகிறவர். மிஸ் அவரிடம் சொன்னது எனக்குப் பாடம்: "ஒரே கூரைக்குக் கீழை இருந்தால் பொலிசும் சட்டத்தரணியும் ஒரே கதைதான் எண்டு சனம் நினைக்கும். நினைக்கிறதிலை பிழையில்லை. நான் என்ன செய்யிறன் எண்டு பாக்க விடுறதைத் தவிர எனக்கு வேறை வழி தெரியேல்லை, சேர்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது போகப்போகத் தெரிந்தது. திருவிழா அழைப்பிதழ் கொண்டுவந்த கோயில் தர்மகர்த்தாவின் வருகையும் தாளில் ஏறியது. அவர் முதலில் முகம் சுளித்தார், பிறகு தாளில் தன்னைப் பற்றி இருந்த வரியைக் காட்ட இரண்டு பேரைக் கூட்டிவந்தார். இன்னொரு பெரிய மனிதர், யாருக்காகவோ "சும்மா ஒரு கதை" கதைக்க வெள்ளை வேட்டியோடு வந்தார். வருகை சுவரில் வரும் என்று நான் விளக்கியதும், ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அன்று எனக்கு வந்த சிரிப்பை அடக்கக் கழிவறைக்குள் போய் நிற்க வேண்டியிருந்தது.

இந்தச் சந்தோஷமெல்லாம் ஒன்பதாவது தாள் வரைதான். நீர்வேலியில் ஒரு தோட்டத்துக் கொட்டிலில் இருந்து நீர் இறைக்கும் மிஷின் களவு போயிருந்தது. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிய கிழமையில் நடந்த களவு. ஆள் பிடிபடவில்லை. மூன்று கிழமைக்கு மேலாகி, தேரும் முடிந்த பிறகு, அயற்காணிக்காரர் ஒருவர் தானாக வந்து, தன் கிணற்றடியில் நின்றபோது இன்னார் கொட்டிலுக்குள் இருந்து மிஷினைத் தூக்கிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொன்னார். பொலிசார் போய்ப் படம் எடுத்தார்கள். படத்தில் இடப்பக்கம் கிணறு, வலப்பக்கம் கொட்டில், நடுவில் உழுத செம்மண். கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு வெளி. மிஸ் வாக்குமூலத்தையும் படத்தையும் பார்த்தார், சாட்சி போதும் என்றார், சாட்சி பக்கத்துக் காணிக்காரர் என்பதால் பிணைக்கும் எதிர்ப்புச் சொல்லலாம் என்றார். ஒரு வியாழக்கிழமை ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், இரண்டு கிழமை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள்.

அந்த ஆள் ஓர் உழவு இயந்திரச் சாரதி. பதினொரு வருடம் மற்றவர்களின் இயந்திரத்தை நாட்கூலிக்கு ஓட்டியவர். பிரதேச சபையில் நிரந்தரச் சாரதி வேலைக்கு விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்திருந்தது. நேர்முகம் மறு கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை. மறியல் முடிவது அதற்கும் பிந்திய வியாழக்கிழமை. அவருடைய மனைவி அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நிற்பார். அழமாட்டார். "திங்கட்கிழமை எண்டு போட்டிருக்குது பிள்ளை" என்று மட்டும் சொல்வார். நான் என்ன செய்வேன், என் கையில் உள்ள காரியமா. கோவை நான்கு, நீர்வேலி, மிஷின் களவு, கிணற்றடியில் இருந்து கண்ட சாட்சி உண்டு, குற்றஞ்சாட்டலாம் என்று நானே தட்டி, நானே ஒட்டினேன்.

அடுத்த புதன்கிழமை பத்து மணியளவில், மருதனார்மடம் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிற ஓர் அம்மா, அடையாள அட்டை தொலைந்ததற்கு முறைப்பாடு எழுத வந்தார். வரிசை நீளம் என்று வெளியே போய்த் தாளை வாசித்தவர், நேராக என் யன்னலடிக்கு வந்தார்.

"பிள்ளை, உதை ஆர் எழுதினது? கிணத்தடியிலை நிண்டு பாத்தால் கொட்டில் எப்பிடித் தெரியும்? அங்கை வாழையெல்லே நிண்டது."

படத்தில் வெறும் தரைதானே என்றேன்.

"இப்ப வெறுந்தரைதான். அந்தக் குலையளை வெட்டுவிச்சதே நான். தேருக்கு முதல் நாள் வெட்டினது. வெட்டின பிறகுதான் மரமெல்லாம் தறிச்சு, வெங்காயம் நடவெண்டு உழுதவை. கொடியேறேக்கை மதில் மாதிரிக் கதலி நிண்டது."

நான் உடனே கோவையைத் திறந்து படத்தின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன். தேர் முடிந்து ஐந்தாம் நாள். இத்தனை பேர் பார்த்த படம். நான், படம் எடுத்த சார்ஜன்ட், பொறுப்பதிகாரி, மிஸ், ஒருவருக்கும் அந்தத் தரையில் முன்பு என்ன நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. வாழை தின்று வளர்ந்த ஊர்க்காரி நான், எனக்கே தோன்றவில்லை.

கோவையை மிஸ்ஸிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். மிஸ் எழுந்தார். என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். குலைக்கார அம்மா தன் ஓட்டோவில் முன்னே போக, பொறுப்பதிகாரி ஜீப்பில் பின்னே வர, ஒரு சின்ன ஊர்வலமாகவே நீர்வேலிக்குள் நுழைந்தோம். தோட்டத்துச் சொந்தக்காரர் வெளியே வந்து, ஓம், தேருக்கு முதல் நாள் வரைக்கும் மரம் நின்றது என்றார். வேலிக்கரையில் பிடுங்கிப் போட்ட வாழைக்கிழங்குகள் குவிந்து கிடந்தன. அப்போதும் மிஸ்ஸுக்குப் போதவில்லை. மறைக்குமா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். குலைக்கார அம்மா சிரித்தார். அடுத்த காணியில் அதே வயதுக் கதலி நின்றது. எங்களை அதன் கரையில் நிறுத்திவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அம்மா உள்ளே நடந்தார். நாலு அடிதான். ஆளைக் காணவில்லை. சருகு மிதிபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எங்கிருந்தோ குரல்.

"மிஸ், நான் தெரியிறனோ?"

மிஸ் இலைகளுக்குள் எட்டி எட்டிப் பார்த்தார். "இல்லை அம்மா. தெரியேல்லை."

திரும்பி வந்து கதிரையில் இருந்தபோது மிஸ்ஸின் முகம் கறுத்திருந்தது. "தூரத்துக் கந்தோரிலை இருந்திருந்தால், தாளை மட்டும்தான் பாத்தனான் எண்டு சொல்லலாம். இஞ்சை கொண்டுவந்து இருத்தினதே தாளை மட்டும் பாக்கக்கூடாதெண்டுதான். பத்து நிமிசத் தூரம் அக்கா. நான் போகேல்லை." அன்றைக்கே நீதிமன்றத்துக்கு நகர்த்தல் பத்திரம் தயாரானது, தவணை வரைக்கும் காத்திராமல் வழக்கை முன்னமே கூப்பிடும்படி. அது முடிந்ததும் புதிய தாள் ஒன்றைத் தட்டச் சொன்னார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே என்றேன். பிழைக்கு வெள்ளிக்கிழமை பார்க்கத் தேவையில்லை என்றார்.

பொறுப்பதிகாரி மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "மிஸ், இத ஒட்ட வேணாம். கோவையில எழுதினாப் போதும்தானே. மேலிடத்தில இருந்து பாக்க வாற நேரம். உங்களையும் மாத்திருவாங்க, திட்டத்தையும் நிப்பாட்டிருவாங்க."

"பிடிச்சதை ஒட்டினனாங்கள் சேர். விட்டதை ஒட்டாமல் விடேலுமே?"

உண்மையைச் சொன்னால் நானும் மிஸ்ஸுக்கு எதிராகத்தான் நின்றேன். பிழை என்று போடாமல் மீளாய்வு என்று போடுவோமே என்றேன். மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, மீன் பழுதாப் போனால் சந்தையிலை என்னெண்டு சொல்லுவியள்?" பழுது என்றுதான் சொல்லுவேன் என்றேன். "அப்ப பிழை எண்டு அடியுங்கோ." அடித்தேன். கோவை நான்கில் நான் கொடுத்த ஆலோசனை பிழை, களவு நடந்த நாளில் அந்த இடத்தில் வாழை நின்றது, சாட்சி நின்ற இடத்தில் இருந்து கொட்டிலைக் கண்டிருக்க முடியாது, இதை எடுத்துக்காட்டியவர் பொதுமக்களில் ஒருவர், பிழை பொலிசாருடையது மட்டுமல்ல, என்னுடையது. கீழே கையொப்பமும் நிலைய முத்திரையும். அன்று தாளை வாசித்தவர்களில் சிலர் சிரித்தார்கள். அரசாங்கத்துச் சட்டத்தரணியே கோட்டை விட்டுவிட்டாவாம் என்று ஒருவர் தெருவுக்குக் கேட்கச் சொன்னார். எனக்குக் கொதித்தது. பசை வாளியோடு போய் நாலு கேட்டிருப்பேன், மிஸ் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தபடியால் விட்டேன்.

வெள்ளிக்கிழமை நீதவான் சாரதியை விடுவித்தார். கண்டதாகச் சொன்னவருக்கும் சாரதிக்கும் இடையில் ஒரு வேலிப் பிரச்சினை இருந்தது. அதைத் தனிக் கோவையாகத் திறந்தார்கள்.

அந்த ஆறு மாதத் திட்டம் நீடிக்கப்பட்டு, இப்போது அங்கே வேறொருவர் இருக்கிறார், மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார், நான் என் பழைய மேசையில் இருக்கிறேன். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்ப்பேன். தாள் இருக்கும், வாசிக்க ஆட்களும் இருப்பார்கள். மற்றக் கரைக்கு மாறி நடந்த எங்கள் ஆட்கள் மதிலில் மூக்கு முட்ட நின்று வாசிப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் சந்தோஷம் தாங்காது. மச்சாளும் இப்போது கச்சேரிக் கதையை விட்டுவிட்டார்.

நீதவான் விடுவித்த மறுநாள், சனிக்கிழமை காலை, சாரதியும் மனைவியும் வந்தார்கள். மனைவி உள்ளே வந்தார், சாரதி வாசலைத் தாண்டி வர மறுத்துவிட்டார். மிஸ்தான் வெளியே போனார். "தம்பி, என்னை மன்னியுங்கோ" என்றார். சாரதி மதிலைக் காட்டி, அந்தத் தாள் தனக்கு வேண்டும் என்றார். திங்கட்கிழமை நேர்முகத்தில், மறியலில் இருந்தவன் என்ற கதை தனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கும் என்றார். நான் புதிய பிரதி எடுத்துத் தரப் போனேன்.

"பிரதி வேண்டாம் அக்கா. சனமெல்லாம் நிண்டு வாசிச்ச தாள்தான் வேணும்."

மிஸ் ஈரத்துணியால் ஓரங்களை நனைத்து, கிழியாமல், தன் கையாலேயே கழற்றிக் கொடுத்தார். பிறகு உள்ளே வந்து, அந்த இடத்தில் ஒட்ட ஒரு துண்டு எழுதினார்: இங்கிருந்த தாள் உரியவரிடம் கொடுக்கப்பட்டது.

திங்கட்கிழமை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மிஸ் ஒரே பக்கத்தை மூன்று தரம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். சாரதியின் குரல்.

"மிஸ்ஸிட்டைச் சொல்லுங்கோ அக்கா. தாளை வைச்சனான். அஞ்சு பேரும் கை மாத்தி மாத்தி வாசிச்சவை. அதுக்குப் பிறகு என்னட்டை லைசன்ஸ் மட்டும்தான் கேட்டவை."