மாடத்துக்குள் போன நூல்

என் வீட்டுக்காரர் ஸப்ரியான் யார் வீட்டுக்கு அளவெடுக்கப் போனாலும் முதல் வார்த்தை, "வெளிச்சத்தை மறைக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பதுதான். ப்லோவ்திவ் ஊரே இதற்காக அவரைக் கிண்டலடித்தது. மனுஷனுக்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள். கண்ணெல்லாம் கழுகுக் கண். பயம்தான் காரணம்.

அவருடையது கொத்தனார் பரம்பரை. கட்டடம் நிலைத்து நிற்க வேண்டுமென்றால், வழியில் போகிறவர் நிழலை அவருக்கே தெரியாமல் நூல் பிடித்து அளந்து, அந்த நூலைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுவார்களாம் அந்தக் காலத்தில். சுவர் நிற்கும். நிழலுக்குரியவர் வருஷம் தாண்டமாட்டார். செத்த பிறகும் அந்தக் கட்டடத்தை விட்டுப் போகாமல் காவல் கிடப்பார். தலாசம் என்று எங்கள் பக்கம் அதற்குப் பெயர். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர், கொத்துக்கரண்டியையே தொடமாட்டேன் என்று டிராக்டர் ஆலைக்குப் போனார். ஆலையை மூடியதும், கடையில் விற்கும் புத்தக அலமாரிகளை வீடுகளில் பொருத்தித் தரும் வேலைக்கு வந்தார். சுற்றிச் சுற்றி மறுபடியும் சுவரிடமே போய் நின்றார், பாவி மனுஷன்.

அட்டைப்பெட்டியைப் பிரித்து ஸ்குரூ முடுக்க எவனாலும் முடியும். இங்கே பழைய வீடுகளில் கணப்பு அடுப்பு இருந்த இடத்தில், சுவர் ஆளுயர மாடமாக உள்வாங்கியிருக்கும். ஒரு சுவராவது நேராக இருக்குமா என்றால் இருக்காது. கீழே, நடுவே, மேலே என்று அகலம் பார்த்து, எது குறுகலோ அதற்குள் அடங்குகிற அலமாரியை வாங்கச் சொல்வார். ஆப்பு வைத்து மட்டமாக நிறுத்துவார். இரண்டு பக்கமும் மிஞ்சும் சந்துக்கு மரப்பட்டை வெட்டி, சுவரை ஒட்டியே பென்சிலை ஓட்டி, அதன் நெளிவை அப்படியே பட்டையில் வரைந்து இழைத்துவிடுவார். வீடு பிறந்தபோதே அலமாரியும் கூடப் பிறந்த மாதிரி இருக்கும். நடுவில் தாள் நுழையாது. அந்தத் திமிர் அவருக்கு உண்டு, எனக்கும் உண்டு.

போன இலையுதிர் காலத்தில் எவ்தோகியா டீச்சர் வீட்டில் வேலை. ஓய்வு பெற்றுத் தனியாக இருக்கிற, குள்ளமான மனுஷி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த என் மனுஷன், நான் அரிசி அடைத்துச் சமைத்து வைத்திருந்த குடைமிளகாயைத் தொடவே இல்லை.

"என்னய்யா, டீச்சர் வீட்லயே கொட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்றேன்.

"கின்கா, தப்பு பண்ணிட்டேன்டி."

"அலமாரி கோணலா நிக்குதா?"

"ஜம்முன்னு நிக்குது. அதான் வினை."

நேர் பார்க்கும் ரசமட்டம் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம். மாடத்தின் பின்சுவரோ தொந்தி தள்ளியிருக்கிறது. டீச்சரிடம் தையல் நூல் வாங்கி, மேலே ஓர் ஆணியில் கட்டி, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறார். பார்க்கும்போது ஒரு நிழல், உச்சந்தலை முதல் கால்வரை அந்த நூல் மேலேயே விழுந்திருக்கிறது. வேலை மும்முரத்தில் குண்டை மட்டும் கழற்றிக்கொண்டு நூலை மறந்துவிட்டார். அலமாரியை உள்ளே தள்ளி, பட்டையும் அடித்தாயிற்று. நிழலை அளந்த நூல் சுவரோடு போய்விட்டதென்று வீட்டுக்கு வருகிற வழியில்தான் உறைத்திருக்கிறது.

"அந்தம்மா என் பின்னாடி நின்னு பேசிக்கிட்டே இருந்துச்சு. தள்ளி நில்லுங்கன்னு சொல்ல மறந்துட்டேன். அந்தம்மாவ நானே உள்ள வச்சு மூடிட்டேன்டி."

"போய்யா பைத்தியம். காலம் எங்க போய்க்கிட்டிருக்கு, நீ நூலக் கட்டிக்கிட்டு அழுவுற!"

வாய்தான் அப்படிச் சொன்னது. கை தானாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. டீச்சர் வீட்டு வாசலில் போய்ப் போய் நிற்பார். அவள் இருமினாள் என்று ஒருநாள் முகம் வெளிறி வந்தார். டீச்சரே எனக்கு போன் போட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் தினம் வந்து உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறாரு. எனக்கு என்ன வியாதின்னு நீங்களாவது சொல்லுங்களேன்!"

ஒரு காலை, எல்லாவற்றையும் பெயர்த்து நூலை எடுத்தே தீருவதென்று கிளம்பிவிட்டார். கையில் சின்னக் கடப்பாரை, தலையில் எப்போதும் போடும் தொப்பி. சமையலறைச் சுவரில் அவர் நிழல் விழுந்தது. தொப்பியின் முனை கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"யோவ், நில்லு. அன்னிக்குப் பாத்த நிழலு, அது தலையில என்ன இருந்துச்சு?"

"என்ன இருந்துச்சு, தொப்பிதான். முன்னாடி இப்படி நீட்டி..."

பாதியில் நிறுத்திவிட்டார். டீச்சர் தொப்பி போட்டு யாரும் பார்த்ததில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அப்ப என்னுதா? அட, என்னுதுதானா!"

"சிரிப்பா வருது? எந்திரி! போய்ப் பிச்சு எடு!"

"அந்தப் பட்டையப் பாத்தா இப்படிச் சொல்லமாட்ட. பிச்சுட்டா மறுபடி அப்படி ஒட்டாதுடி. டீச்சரம்மாவுக்கு ஒண்ணும் இல்லல்ல, விடு."

கத்தினேன், அழுதேன், காலில்கூட விழுந்தேன். மனுஷன் அசையவில்லை. அன்று ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

பனி விழுந்த மாதத்தில் போய்விட்டார். இதயம் ரொம்ப நாளாகவே சரியில்லை என்றார் டாக்டர். இருக்கலாம். டாக்டரோடு எனக்கு வழக்கில்லை, அந்த நூலோடுதான் வழக்கு.

இறந்தவர்களுக்குப் படைக்கும் சனிக்கிழமையன்று கல்லறையில் அவித்த கோதுமையைப் பங்கிட்டுவிட்டு, கடப்பாரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"என் நிழலுன்னு நெனச்சுத்தானா அப்படி ஓடி ஓடி வந்தாரு? பிரிச்சுடுங்கம்மா. புத்தகத்தையெல்லாம் நானே எறக்கித் தர்றேன்."

இறக்கவும் தொடங்கிவிட்டாள். நான் பட்டையும் சுவரும் சேர்கிற இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். கடப்பாரை என்ன, நகமே நுழையவில்லை. அடப்பாவி, எவ்வளவு அழகாக வேலை செய்திருந்தார்!

டீச்சர் ஒரு புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"சொன்னா சிரிப்பீங்க. சாயங்காலம் வெளிச்சத்த மறச்சுக்கிட்டு இது முன்னால நின்னா, யாரோ 'கொஞ்சம் தள்ளி நில்லுங்க'ன்னு சொல்ற மாதிரியே இருக்கும். நானும் தள்ளி நின்னுக்குவேன்."

நான் சிரிக்கவில்லை. கடப்பாரையைப் பைக்குள் வைத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வெளிச்சத்தை முழுசாக மறைத்துக்கொண்டு அலமாரி முன்னால் போய் நின்றேன்.

"சொல்லுய்யா," என்றேன்.