அக்கா கேள்வி கேட்ட கிராணி

அக்கா காலமாகி ஓராண்டு நிறைவுறும் இந்த நாளில், அழைப்பை ஏற்று வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் கட்டுரையையும் நானே எழுத வேண்டியதாயிற்று. அச்சகத்தில் மாதிரிக்கு நான்கு பழைய மலர்களைக் கொடுத்தார்கள். நான்கிலும் முதல் பத்தியிலேயே கண்ணீர் வருகிறது. எனக்கு இந்த ஓராண்டில் அழுகை வரவில்லை. காரியத்தின்போது சிலர் இதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் என் காதுபடவே சொன்னார். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்கிறேன். தொட்டால் கன்னம் அங்கே இருப்பது தெரிகிறது. வேறொன்றும் தெரியவில்லை.

அக்கா சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தார். நான் பிறந்தபோது அவருக்குப் பதினொரு வயது. எனக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. அக்கா பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனார். நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது அம்மாவும் போய்விட்டார். பாசிர் கூடாங்கில் மின்னணுத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்கா என்னையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு மாசாய்க்கு வந்தார். அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை. ஓய்வு பெறும் வரை அதே தொழிற்சாலையில், பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னப் பலகைகளைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். தம்பி படித்து முடிக்கட்டும் என்று இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது வரவில்லை. எனக்கும் அமையவில்லை. எங்களைப் பற்றிக் கவலைப்பட்டுப் பட்டு உறவினர்களுக்கும் அலுத்துவிட்டது.

தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எந்தக் காரியமானாலும் கிராணியிடம்தான் போக வேண்டும். தோட்ட அலுவலகத்தில் எழுதுகிறவர்தான் கிராணி, இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பிறப்புப் பத்திரமோ, ஆஸ்பத்திரிக்கு வண்டியோ, எது வேண்டுமானாலும் அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். முதலில் வணக்கம், பிறகு பெயர், எந்த லயத்து வீடு, அடையாள அட்டை எண், அதன் பிறகுதான் விஷயம். முடிந்ததும் நன்றி சொல்லாமல் திரும்பக் கூடாது. அம்மாவுக்குக் கூச்சம். எங்கள் வீட்டுக் காரியங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே அக்காதான் போய் நின்றார்.

எனக்குத் துவாஸில் வேலை கிடைத்ததும் கெலாங் பாத்தாவில் வீடு வாங்கிக் குடிவந்தோம். நான் தினமும் மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய் வருகிறேன். அக்கா ஓய்வு பெற்றுச் சில மாதங்களில், அரசாங்கக் கிளினிக்கில் இனிமேல் முன்பதிவைக் கைப்பேசியில்தான் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. கொடுத்த துண்டுச் சீட்டைப் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஓரம் உடைந்த என் பழைய கைப்பேசியை அவருக்குக் கொடுத்தேன். இணையம் எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன். அக்கா ஒரு கோடு போட்ட பள்ளி நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அது இப்போது என் முன்னால் இருக்கிறது. முதல் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ‘பச்சை டப்பாவைத் தொடவும். தம்பி படத்தைத் தொடவும். எழுதவும். காகித விமானத்தைத் தொடவும். தொட்டால் போய்விடும்.’ கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

தேடும் பெட்டியைக் காட்டிய அன்று, எதை வேண்டுமானாலும் இதில் கேட்கலாம் என்றேன். யார் பதில் சொல்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை, கணினிதான் என்றேன்.

“ஆள் இல்லாம எப்படிப்பா பதில் வரும்? கிராணி மாதிரி யாராச்சும் ஒருத்தர் உக்காந்திருப்பாருல்ல?”

எனக்கு விளக்கப் பொறுமை இல்லை. ஆமாம், கிராணிதான் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சோம்பேறித்தனத்தின் பலனை ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். அக்கா பெட்டியில் முழுக் கடிதமே எழுதியிருந்தார். ‘ஐயா, வணக்கம். நான் கெலாங் பாத்தாவில் தம்பியுடன் வசிக்கிறேன். இட்லி மாவு இரண்டு நாளாகியும் பொங்கவில்லை. என்ன செய்யலாம்?’ அதன் கீழே அடையாள அட்டை எண். பதில் வந்த பிறகு, அதே பெட்டியில், ‘நன்றி ஐயா.’ அதற்கும் ஏதோ பதில்கள் வந்திருந்தன. அவற்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

அடையாள அட்டை எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண்ட இடத்தில் ஐசி நம்பரைப் போட்டால் யார் யாரோ ஏமாற்றுவார்கள் என்று கத்தினேன். அக்கா எண்ணை எழுதுவதை அன்றே நிறுத்திவிட்டார். வணக்கத்தையும் நன்றியையும் மட்டும் விடவில்லை. உதவி கேட்டுவிட்டு மொட்டையாக எழுந்து வருவது அழகா என்று கேட்டார்.

அக்காவுக்கு இணையத்தில் மிகவும் பிடித்தது பாலம்தான். பாலத்திலும் சோதனைச் சாவடியிலும் உள்ள கேமராப் படங்கள் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மாறும். எங்கள் ஜொகூர் மாநிலத்தில் பாதிக் குடும்பங்கள் அதைப் பார்த்துத்தான் உலை வைக்கின்றன. அக்கா சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தைப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்புவார். ‘ஜேம் இல்லை, கிளம்பு.’ ‘லாரி நிறைய நிற்கிறது, டீ குடித்துவிட்டு வா.’ ஒரு நாள் பெரிய பையோடு கடையிலிருந்து வந்தார். உள்ளே மஞ்சள் நிற மழைச்சட்டை. படத்தில் எல்லா மோட்டார் சைக்கிளும் கறுப்பாகவே தெரிகிறது, இதைப் போட்டுக்கொண்டால் உன்னை அடையாளம் தெரியும் என்றார். படத்தில் ஒரு ஆள் எள் அளவுதான் இருப்பான் என்று சொல்லிச் சிரித்தேன். வேலையிடத்தில் கேலி செய்வார்கள் என்று அதை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். பிரிக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு முறை வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று அக்கா அழைத்தார். நான் மழையில் விரட்டிக்கொண்டு வந்து பாலத்தைத் தாண்டி விழுந்தேன். முழங்கால் தோல் போனது, அவ்வளவுதான். அன்று முதல் நான் அந்தப் பக்கம் இருக்கும்போது அக்கா எந்த அவசரத்தையும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்ட பிறகுதான் சொல்வார்.

நான் எரிந்து விழுந்த நாளையும் எழுதிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை. கிளினிக் சீட்டைப் படம் பிடித்து அனுப்புவது எப்படி என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். நான் மோட்டார் சைக்கிள் சங்கிலியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையெல்லாம் எண்ணெயாக இருந்தேன்.

“எல்லாத்துக்கும் என்னையே கூப்பிடாதீங்கக்கா. அதான் உங்க கிராணி இருக்காருல்ல, அவர்கிட்ட கேளுங்க.”

“சரிப்பா,” என்றார் அக்கா. முகம் மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதுதான் உண்மை. அக்கா தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தேறவும் செய்தார். கிளினிக் முன்பதிவைத் தானே செய்தார். மழை வருமா என்று பார்த்துத் துணி காயப்போட்டார். ராகு காலம் பார்த்தார். குளுவாங்கில் இருக்கும் பெரியம்மா மகளுடன் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினார். அந்த அக்காவின் தலைக்கு மேல் சுவரில் பல்லி போவதையும் சொன்னார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கண் சரியில்லை. அவருடைய கிளினிக் முன்பதிவையும் அக்காதான் போட்டுக்கொடுத்தார். எல்லாம் அந்தப் பெட்டியைக் கேட்டுக் கற்றுக்கொண்டவை.

அன்று புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு அக்காவின் செய்தி வந்தது. ‘பாலத்தில் ஜேம். மழையும் இருக்கிறது. அவசரம் இல்லை, மெதுவாக வா.’ நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன். கூட வேலை செய்கிறவர்களோடு டீ குடித்தேன். பரோட்டாவும் சாப்பிட்டேன். ஆறு மணிக்கு மேல்தான் கிளம்பினேன். என் கறுப்பு மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மக்சிக் நின்றுகொண்டிருந்தார். மழைக்குக் கொடியிலிருந்த துணி நனைகிறதே, அக்கா எடுக்கவில்லையே என்று பார்க்க வந்தாராம். அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தார். மக்சிக்கின் மகன் ஆம்புலன்ஸை அழைத்தார். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மாரடைப்பு. மின்சாரச் சோற்றுச் சட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சோறு சூடாக இருந்தது. அக்காவின் மடியிலிருந்து எடுத்து வைத்த கைப்பேசியை மக்சிக் என்னிடம் கொடுத்தார். அதில் பாலத்தின் படம் இருந்ததாகச் சொன்னார். எனக்கு உறைக்கவில்லை. வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அது பத்து மாதம் அங்கேயே இருந்தது. இந்த மலரின் அட்டைக்கு அக்காவின் படம் வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டதால்தான் எடுத்து மின்னூட்டினேன். படம் தேடும்போது அந்தத் தேடும் பெட்டியைத் தொட்டுவிட்டேன். அக்கா கேட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, ‘நன்றி ஐயா’ என்று இருந்தது. அதற்கு முந்தையது இது:

‘ஐயா, வணக்கம். இடது கை வலிக்கிறது. மிகவும் வியர்க்கிறது. தம்பி சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறான். அவன் வரும் வரை பொறுக்கலாமா?’

நேரத்தைப் பார்த்தேன். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டிருக்கிறார். அதே கேள்வியை எழுத்து மாறாமல் நானும் பெட்டியில் கேட்டேன். பொறுக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள் என்று முதல் வரியிலேயே வந்தது, நல்ல தமிழில். அக்காவுக்கும் அதுவே வந்ததா, அவர் படித்தாரா, தெரியாது. அழைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, பாலத்தைப் பார்த்திருக்கிறார். நெரிசலும் மழையும் தெரிந்திருக்கிறது. நான் விரட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று என்னை மெதுவாக வரச் சொல்லியிருக்கிறார். பிறகு படத்தில் என்னைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அப்போது பாலத்திலேயே இல்லை.

உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று ஒரு மருத்துவரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மஞ்சள் மழைச்சட்டையைப் பிரித்துவிட்டேன். இப்போது தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் பாலத்தைக் கடக்கிறேன். வெயிலில் வேர்க்கிறது. கேலி செய்கிறவர்கள் செய்கிறார்கள்.

இந்த மலரை எவ்வளவு பேர் கடைசி வரை படிப்பீர்கள் என்று தெரியாது. நன்றியைச் சொல்லி முடிக்கிறேன். துணி நனைகிறதே என்று வந்து பார்த்த மக்சிக்குக்கும், அவருடைய மகனுக்கும், மழையில் வந்த ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் நன்றி. மாசாயிலிருந்து வந்து பதினாறு நாளும் சமைத்துப் போட்ட அக்காவின் தொழிற்சாலைத் தோழியருக்கு நன்றி. சிம்பாங் ரெங்கத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த உறவுகளுக்கும், நான் அழவில்லை என்று சொன்னவருக்கும் நன்றி. அவர் சொன்னது சரிதான்.

அக்காவின் கிராணிக்கும் நன்றி ஐயா. நான் எரிந்து விழுந்த பிறகு அக்கா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது நீங்கள் ஒருவர்தான்.