என் சகலை ஒரு பெரும்புள்ளி

எனக்கும் அவருக்கும் பெண் கொடுத்தது ஒரே வீடு. மூத்தவளை நான் கட்டினேன், இளையவளை அவர் கட்டினார். உறவுக்குச் சகலை. பட்டறையில் அவர் பெயர் 'புள்ளி'. ஒரு ஸ்க்ரூவை முழுசாக முறுக்கி முடித்ததும் அதன் தலையில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். முறுக்கியாயிற்று, இனி பயமில்லை என்று அதற்கு அர்த்தமாம். பாலிஷ் அவர் மனைவியுடையது. மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் இவர் அந்தக் குப்பியைச் செருகிக்கொண்டு திரிவார். கேலி பண்ணினால் கூடச் சேர்ந்து சிரிப்பார். அதுவும் எனக்குப் பிடிக்காது.

மறைக்க என்ன இருக்கிறது, அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

இத்தனைக்கும் அவரைப் பட்டறைக்குக் கூட்டிவந்தவன் நான்தான். அதற்கு முன் அவர் தையல்காரர். கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். மூன்று மாதம் மெஷினைத் துணி போட்டு மூடி வீட்டு மூலையில் வைத்துவிட்டு, அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கொழுந்தியா வந்து என் மனைவியிடம் அழுதாள், என் மனைவி வந்து என்னிடம் அழுதாள். போனால் போகிறது என்று முதலாளியம்மாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பஸ்ஸில் பக்கத்துச் சீட் பிடித்துக் கொடுத்துக் கூட்டி வந்தேன்.

எங்கள் பட்டறையில் இன்ஜின் வேலை கிடையாது. காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற ஜீப்புகளுக்கு முன் கம்பி, பக்கப் படி, மேல் கேரியர், சேற்றைத் தடுக்கிற ரப்பர் மட்ஃபிளாப் என்று பூட்டித் தருவோம். பதினாறு வருடம் இதில் நான் முதுகு தேய்த்திருக்கிறேன். அவர் வந்து நாலு வருடம். துணி வெட்டின கைக்கு ரப்பர் என்ன, பிளாஸ்டிக் என்ன. ஒரு தடவை கண்ணால் அளந்து கத்திரியை ஓட்டினால் பிசிறு இருக்காது. இரண்டாவது வருடத்திலேயே வண்டிக்காரர்கள் கேட்டில் நுழையும்போதே "புள்ளி இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் அவர்கள் எதிரிலேயே நிற்பேன். தூண் மாதிரி.

வீட்டிலும் அதே கதைதான். மாமியார் வீட்டுக் குழாய் ஒழுகினால் போன் அவருக்குத்தான் போகும். கேட்டால், "பெரிய மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்" என்பார். சிரமம் கொடுத்துத்தான் பாருங்களேன் என்று சொல்ல வாய் வராது. என் மனைவி தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், எங்கள் வீட்டில் ஆடுகிற நாற்காலியை இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில், முதலாளியம்மா ஊரின் அந்தப் பக்கம் இன்னொரு பட்டறை திறக்கப்போவதாகச் சொன்னார். அதற்குப் பொறுப்பாக எங்களில் ஒருவரைப் போடப்போகிறார். சாவி அவன் கையில், மேஜை அவனுக்கு. அப்படியொரு மேஜை எனக்குத்தான் என்று பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது இவருக்குப் போனால் சொந்தக்காரர் வீடு, மாமியார் வீடு என்று எங்கேயும் நான் தலைகாட்ட முடியாது. புள்ளி பெரும்புள்ளியாகிவிடுவார். நான் பெரும்புள்ளிக்குச் சகலை என்று பெயர் வாங்குவேன்.

அந்த வாரம் மாட்டு டாக்டரம்மா புது ஜீப்போடு வந்தார். பின்சக்கரத்துக்கு மட்ஃபிளாப் இருந்தது, முன்சக்கரத்துக்கு இல்லை. முன்சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் பக்கப் படியில் அப்பிக்கொள்கிறது, இறங்கினால் உடுப்பு நாசம் என்றார். முதலாளியம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஆளுக்கொரு பக்கம் பூட்டுங்க. யார் வேலை எப்படி நிக்குதுன்னு நானும் பாக்கணும்."

வேறு விளக்கம் தேவையில்லை. வலது எனக்கு, இடது அவருக்கு.

ஜீப்பை லிஃப்டில் ஏற்றினோம். ஒரு பக்கத்துக்கு மூன்று ஸ்க்ரூ. மட்கார்டின் உள்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற இரண்டு ஓட்டை, கீழே நாமே போடுகிற ஓட்டை ஒன்று. கையால் முறுக்கி நிறுத்திக்கொண்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முட்ட முட்ட ஒடித்துப் பார்க்க வேண்டும். டயருக்கும் ஃபிளாப்புக்கும் நடுவே இரண்டு விரல் போனால்தான் கடைசி முறுக்கு. லிஃப்டில் சக்கரம் தொங்குகிறபோது இடைவெளி தாராளமாகத் தெரியும். பாரம் இறங்கினால் சக்கரம் மேலே ஏறி உரசும். "தொங்குற சக்கரம் பொய் சொல்லும்" என்பது பட்டறையில் என் வாசகம். சகலைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதுதான்.

அன்றைக்கு நான் அதை மறந்தேன். என் கண் என் பக்கத்தில் இருந்தால்தானே? சக்கரத்துக்கு அடியில் குனிந்து குனிந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது கோணுமா, ஓட்டை தப்புமா என்று. அவர் இன்னும் அளந்துகொண்டிருந்தார். அவரை முந்திவிட்ட குஷியில் மூன்று ஸ்க்ரூவையும் லிஃப்டிலேயே இறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு டீக்குப் போய்விட்டேன். என் கை முறுக்கினால் முறுக்கினதுதான், பொட்டும் கிடையாது பூவும் கிடையாது.

திரும்பி வந்தபோது ஜீப் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதென்று போன் வந்து டாக்டரம்மா கிளம்பிவிட்டாராம். சகலை பாலிஷ் குப்பியைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"இடது பக்கம் கீழ் ஸ்க்ரூ கைமுறுக்குலதாண்ணே இருக்கு. அந்தம்மா நிக்கல. நாளைக்கு அத்தையைக் கண்ணு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், நான் வரமாட்டேன். ஜீப் வந்தா ஒரு முறுக்கு முறுக்கிடுங்க."

"சரி சகல," என்றேன்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். கன்று பிழைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். மறந்து வைத்துவிட்டுப் போன குடையை எடுத்துக்கொண்டார். ஜீப் என்னிடமிருந்து நாலு எட்டில் நின்றது. ஸ்பானர் என் கையிலேயே இருந்தது. மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போக அவருக்குத்தான் சொல்லத் தெரிந்திருக்கிறது, எனக்கு அல்ல என்பதிலேயே என் நினைப்பு நின்றது. ஸ்பானரைப் பெட்டியில் போட்டுவிட்டு, ஜீப் கேட்டைத் தாண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் சகலை போன் பண்ணிக் கேட்டபோது, வண்டி வரவில்லை என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஜீப் வந்தது. இடது ஃபிளாப் ஒரு மூலையில் விட்டுப்போய், காற்றில் முறம் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கீழ் ஸ்க்ரூவைக் காணோம். வலது பக்கம் கல்லாக நின்றது. கரட்டுமேடு, ஓடை, சேறு எல்லாம் பார்த்துவிட்டு வந்தும் ஒரு உரசல் கிடையாது என்று டாக்டரம்மாவே சொன்னார். முதலாளியம்மா இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். சகலை என்னை ஒரு தடவை பார்த்தார், அதோடு சரி.

அங்கேயே, எல்லார் முன்னாலும், முதலாளியம்மா புதுப் பட்டறைச் சாவியை என் கையில் கொடுத்தார். அனுபவம் அனுபவம்தான் என்றார். நாலு வருடத்து எரிச்சலில் பச்சைத் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை தானாக வந்துவிடும் போலிருக்கிறது. "விடுங்க சகல, அந்த ஸ்க்ரூவை நானே போட்டுடறேன்" என்கிற தோரணையில் கையைக் காட்டிவிட்டு, சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் சறுக்கிப் போனேன். இடது பக்கத்து வேலை ஒரு நிமிடம். முறுக்கிவிட்டு, என் வேலையின் அழகையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வலது பக்கம் திரும்பினேன்.

என் ஃபிளாப்பின் உள்மூலையில் ஒரு சீவல் வெட்டி எடுத்திருந்தது. கத்திரி ஓடின இடம், பிசிறு இல்லை. டயர் உரசிய கருப்புத் தடம் அந்த வெட்டு விளிம்பு வரைக்கும் வந்து நின்றிருந்தது. மூன்று ஸ்க்ரூவின் தலையிலும், சேற்றுக்கு நடுவே, ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி.

அப்படியே கிடந்தேன். நான் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வண்டியைத் தரையில் இறக்கியிருக்கிறார். ஒடித்துப் பார்த்திருக்கிறார். உரசியது என் பக்கம். என்னுடையதைக் கழற்றி, வெட்டி, நகர்த்தி, முறுக்கி, பொட்டு வைத்துவிட்டுத் தன் பக்கத்துக் கடைசி ஸ்க்ரூவுக்கு வருவதற்குள் பசுவுக்கு வலி வந்துவிட்டது. இதை அவர் என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அப்போதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை. பொறாமைதான். இந்தப் பெரிய மனசும் இவருக்கே கிடைக்க வேண்டுமா என்று வந்தது. வெளியே முதலாளியம்மா குனிந்தால் தெரிந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அந்தப் புள்ளிகளைச் சுரண்டினேன். சாவி சட்டைப் பையில் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது. முதல் புள்ளி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் நகம்தான் பிய்ந்தது.

பலகையை உந்தி வெளியே வந்தேன். சகலை நின்றுகொண்டிருந்தார். என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். பிடித்தேன். பிடித்த கையை அவர் உடனே விடவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு தன் தோளில் கிடந்த துணியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நகத்துல பாலிஷ் ஒட்டியிருக்குண்ணே," என்றார். "தொடைச்சுக்கங்க. முதலாளியம்மா கை குடுக்க வர்றாங்க."