சென்ட்ரிங் பிரிக்கும் காட்சி

கோட்டைக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். வாய்க்கொழுப்பில் வைத்தேன். இன்று அந்த டயாலிசிஸ் பிரிவில் டாக்டர் முதல் தரை துடைக்கிறவர் வரை அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் "என்ன?" என்று திரும்பிப் பார்க்கிறாள். ஆகவே அவளைப் பற்றி எழுத வேறு யாரையும்விட எனக்குத்தான் உரிமை அதிகம்.

என் கணவர் கொத்தனார். நாற்பது வருடம் சுவர் எழுப்பியவர். மேஸ்திரி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம், இயந்திரத்தோடு படுத்துக் கிடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது, ஒரு செங்கல்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவர் வீட்டுக்கு வந்ததும் சாந்து பூசும் கரணையை எடுத்துக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நான் அடுக்களைக்குள் போய் அழுதேன்.

அந்தப் பிரிவில் ஆறு கட்டில்கள், ஆறு இயந்திரங்கள், எதிர்ச்சுவரில் ஒரே ஒரு பெரிய டிவி. ரிமோட் எப்போதும் டெக்னீஷியன் பெண்ணின் சட்டைப்பையில்தான் இருக்கும். நாற்பது வயது இருக்கும் அவளுக்கு. ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. நான் முதல் நாள் கணவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபோது டிவியில் ஒரு கோட்டை தெரிந்தது. மழை, சேறு, குதிரை, சாக்கைத் தைத்துப் போட்டுக்கொண்டதுபோல் உடுத்தியிருந்த வெள்ளைக்காரர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, உலகத்துல வேற படமே இல்லையா? மனுசன் உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டுக் கிடக்கறப்போ கோட்டையும் குதிரையுமா காட்டறியே!"

"வேற என்ன போடலாம், சொல்லுங்கம்மா" என்றாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"நல்லதா ஒரு குடும்பப் படம் போடேன்."

"போட்டுப் பாத்தேனே. பத்து நிமிஷத்துக்கு ஒருத்தரு சொம்பு நிறையத் தண்ணி குடிக்கிறாரு. இங்க ஆறு பேருக்கும் நாளைக்கு எத்தனை டம்ளர்னு அளவு. நாக்கு வறண்டு போய்ப் பாத்துக்கிட்டு இருக்காங்க. இல்லேன்னா ஆஸ்பத்திரி சீன் வருது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு 'ஸாரி'ங்கறாரு. ஆறு மெஷினும் பிபி ஏறிடுச்சுன்னு கத்துது."

அவள் விடவில்லை.

"இந்தப் படங்கள்ல ஆஸ்பத்திரியே கிடையாது பாருங்க. காய்ச்சல் வந்தா ராஜாவே போய்ச் சேந்துட்டான். அவ்வளவு பெரிய கோட்டை கட்டினவனுக்கு இந்த மெஷின் கிடைக்கல. நமக்குக் கிடைச்சிருக்கு. அதைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா நல்லதுதானே?"

"பெரிய கோட்டைக்காரிதான் போ" என்று முணுமுணுத்தேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். பெயர் அன்றே நிலைத்துவிட்டது.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எப்படிப் பிடித்தது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். படிக்கிற காலத்தில் சாயங்காலங்களில் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்திருக்கிறாள். மேல் தட்டில் ஐரோப்பியக் கோட்டைப் படங்கள் நூற்றுச்சொச்சம் தூசி படிந்து கிடந்தன. யாரும் தொட மாட்டார்கள். "தூசியாவது போகட்டும், எடுத்துட்டுப் போய்ப் பாரு" என்றாராம் கடைக்காரர். தட்டு முழுவதையும் மூன்று வருடத்தில் பார்த்து முடித்தாள். அதன்பிறகு கடைக்கு வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே, "உங்களுக்கு இது பிடிக்கும், அவருக்கு அது வேண்டாம்" என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாளாம். அந்தத் தட்டு காலியாகிவிட்டது, வாடகைக்கு எடுக்க வரிசையில் நின்றார்கள் என்று அவளே சொன்னாள். தற்பெருமைக்குக் குறைச்சலில்லை. ஆனால் பொய்யில்லை என்பதைக் கண்ணால் கண்டேன்.

அவளிடம் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். நல்ல படத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டால் விரல் விட்டு எண்ண மாட்டாள், கோபமாகப் பேசுவாள். "ராணி பாவாடையோட ஓரத்துல சேறு இருக்கணும்மா. சேறு இல்லன்னா அவ நடக்கவே இல்லைன்னு அர்த்தம். குதிரை வேர்க்கணும். ராத்திரின்னா அறை இருட்டா இருக்கணும், மெழுகுவத்தி ஒண்ணு வெச்சா ஒண்ணோட வெளிச்சம்தான் இருக்கணும், கல்யாண மண்டபம் மாதிரி இருக்கக் கூடாது. பல்லு? பளீர்னு பல்லைக் காட்டினா அந்தப் படத்தை மூடி வெச்சிடுவேன்." நோட்டில் வேறு குறிப்புகளும் உண்டு. "நாற்பதாம் நிமிடம் ரத்தம், இரண்டாம் கட்டிலுக்கு ஆகாது." "கொள்ளைநோய்ப் படம், ஐந்தாம் கட்டில் டீச்சரம்மாவுக்கு இந்த வருடம் வேண்டாம், மகன் இறந்திருக்கிறான்." "ராஜா குடம் குடமாகக் குடிக்கிறான், ஓட்டிவிடு." மாத்திரை எழுதும் டாக்டர்கூட இவ்வளவு யோசித்து நான் பார்த்ததில்லை.

என் கணவர் முதல் இரண்டு வாரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவருக்கு அவள் போட்டது படுமட்டமான ஒரு படம். கோட்டைச் சுவரில் ஒருவன் முட்டிக்கொண்டான், சுவர் ஆடியது. என் கணவர் திரும்பினார்.

"அது கல்லு இல்ல. தெர்மாகோல்."

இரண்டு வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டாள். "மேஸ்திரிக்கு முதல்ல மட்டமான படம்தான் போடணும்னு நினைச்சேன். நல்ல படம்னா சும்மா பாத்துட்டுப் படுத்துக்குவாரு" என்றாள். அடுத்த வாரத்திலிருந்து நல்ல கோட்டைகள் வந்தன. அவர் காரைப் பூச்சைப் பார்த்தார், மூலைக்கல்லைப் பார்த்தார், ஒருநாள் ஒரு வாசல் வளைவுக்குக் கை தட்டினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கறார். நாலு மணி நேரம் முடிந்து இயந்திரம் நின்றால் படமும் நிற்கும். மீதி அடுத்த முறை. "மீதியை வீட்ல தேடிப் பாக்கக் கூடாது. உப்பு, தண்ணி, அப்புறம் இது. மூணும் விலக்கு" என்பாள். இது என்ன வீம்பு என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம்.

போன வருடக் கடைசியில் பாலம் கட்டும் படம் ஒன்று வந்தது. ஆற்றங்கரை ஊர், வயதான ஒரு மேஸ்திரி. இரண்டு முறை கட்டுகிறான், இரண்டு முறையும் ஆறு கொண்டுபோகிறது. மூன்றாம் முறை மரச்சட்டம் கோத்து அதன்மேல் வளைவாகக் கல் அடுக்குகிறார்கள். அந்த மரச்சட்டத்தை என் கணவர் சென்ட்ரிங் என்பார். நடுக்கல்லை உச்சியில் இறக்கியாயிற்று. இனி சென்ட்ரிங்கைப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் வளைவு தன்காலில் நிற்க வேண்டும். ஊரே கரையில் கூடியிருக்கிறது. மேஸ்திரி சட்டத்தைத் தாங்கும் முதல் ஆப்பில் சுத்தியலை வைக்கிறான். இயந்திரம் கூவியது. டிவி அணைந்தது. அன்று சனிக்கிழமை.

"அடிப்பாவி! சென்ட்ரிங் பிரிக்கிற நேரம்மா இது!" என்று என் கணவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"கையை ஆட்டாதீங்க மேஸ்திரி, ஊசி இருக்கு."

"பிரிச்சா நிக்குமா, நிக்காதா? அதை மட்டும் சொல்லிடு."

"செவ்வாக்கிழமை தெரியும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் வளைவு வரைந்தார். "நிக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஈரம் காயாம பிரிக்கிறான், நிக்காது" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மகளிடம் சொல்ல, அவள் ஐந்தே நிமிடத்தில் படத்தை போனில் எடுத்துக் கொடுத்தாள். கடைசி இருபது நிமிடத்தைப் போட்டோம். பாலம் நின்றது. முதல் ஆளாக ஒரு கிழவி ஆட்டை ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவர் சட்டையை மாட்டவில்லை.

"நான் வரல."

"ஏன், என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. போதும். கடைசியா நல்ல வேலை ஒண்ணைக் கண்ணால பாத்துட்டேன். இதோட விட்டுடறேன்."

காலைப் பார்த்தேன். இரண்டு நாள் தண்ணீரும் பாதத்தில் இறங்கி வீங்கியிருந்தது. பேசும்போதே மூச்சு வாங்கியது. இன்று போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கெஞ்சினேன், திட்டினேன், மகள் காலில் விழாத குறையாக அழுதாள். மனுஷன் கல்லாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் கோட்டைக்காரிக்கு போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "நான்தான்டி காட்டித் தொலைச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று அழுதுவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "எதுல பாத்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"போன்லதான்."

"உள்ளங்கையளவு போன்லயா? ஸ்பீக்கரைப் போட்டு அவர்கிட்ட குடுங்க."

கொடுத்தேன்.

"மேஸ்திரி, முடிவைப் பாத்துட்டீங்களாமே."

"பாத்துட்டேன். நின்னுச்சு. நல்ல வேலைக்காரன்."

"நின்னுச்சு, சரி. சென்ட்ரிங்கைப் பிரிச்சப்போ நடுக்கல்லு ஒரு விரக்கடை கீழ இறங்குச்சே, பாத்தீங்களா?"

என் கணவர் நிமிர்ந்தார். "இறங்கலையே."

"இறங்குச்சு மேஸ்திரி. நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்! பெரிய டிவியில நல்லாவே தெரியும்."

"இறங்கினா விரிசல் விடணும்மா."

"விட்டுச்சே. அவன் ஒழுங்காக் கட்டலைன்னுதான் நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஒரு மணிக்கு நாலாம் மெஷின் காலி" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "என் சட்டை எங்க?" என்றார். வழியெல்லாம் மூச்சு வாங்க வாங்க, வளைவைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும், அவள் என்ன கண்டாள் என்று பொருமிக்கொண்டே வந்தார். நான் வாயே திறக்கவில்லை. அவ்வளவு தூரம் வாயை மூடிக்கொண்டு நான் போனது அதுதான் முதல் முறை.

ஊசி ஏறியது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் அந்தக் காட்சியைப் போட்டாள். சுத்தியல் விழுகிறது, ஆப்பு தெறிக்கிறது, சட்டம் சரிகிறது, வளைவு நிற்கிறது. "மறுபடி" என்றார். போட்டாள். "இன்னொரு தடவை." போட்டாள். மற்ற ஐந்து கட்டில்காரர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"எங்க இறங்குச்சு? காட்டு!"

"இறங்கல" என்றாள் அவள். "பொய் சொன்னேன்."

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"இறங்கலன்னு எனக்கு போன்லயே தெரியும்" என்றார் அவர்.

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"ஏன் வந்தேனா? அவன் எவ்வளவு அருமையாக் கட்டியிருக்கான்! அவன் வேலையைப் போய் மோசம்னு நீ நோட்டுல எழுதி வெச்சா, பாத்துக்கிட்டுப் போய்ச் சேர முடியுமா? அடி, முதல்ல அடிச்சி எழுது அதை!"

அவள் நோட்டைத் திறந்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் பாலத்தைப் பற்றி எதுவுமே இல்லை. "மேஸ்திரிக்கு. சனிக்கிழமை போட வேண்டும். சென்ட்ரிங் பிரிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்" என்றுதான் இருந்தது. சனிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி. ஆட்கள் மனம் விட்டுப்போவது அந்த இரண்டு நாளில்தான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். இயந்திரம் நிற்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் சனிக்கிழமைப் படத்தையே தொடங்குவாள்; ஆறு பேருக்கும் அவள் நிறுத்தும் இடம் அப்படித் தேர்ந்தெடுத்த இடம். அதன் மீதியைத்தான் நான் போனில் எடுத்துக் காட்டியிருந்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, வேலையாளுங்களை என்னன்னு திட்டுவீங்க? நாள் வராம சென்ட்ரிங்ல கை வெக்காதடான்னு திட்டுவீங்கல்ல? உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? இந்த மெஷின் முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கு, இருந்துட்டுப் போகட்டுமே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் ஊசி இல்லாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோட்டைக்காரி நோட்டைப் புரட்டினாள். "உங்களுக்கு ஒரு தொடர் எடுத்து வெச்சிருக்கேன் மேஸ்திரி. தேவாலயம் கட்டறாங்க. பதினெட்டுப் பாகம்."

"எத்தனை வருஷத்துல கட்டி முடிக்கிறாங்க?"

"நூத்தி நாப்பது."

"அத்தனையும் பாக்கணுமா?"

"பாக்கணும். நான் ரிட்டையர் ஆக இன்னும் வருஷம் கிடக்கு."

"சரி, அஸ்திவாரம் எப்படிப் போடறான்னு பாப்போம். போடு" என்றார்.

அந்தத் தொடரை அவள் சனிக்கிழமைகளில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் போடுகிறாள். பாதியில் நிறுத்தி, மீதியைச் செவ்வாய்க்கிழமை காட்டுகிறாள். மகளுடைய போனை நான் தொடுவதேயில்லை. நேற்று சனிக்கிழமை. கதையில் மூன்றாவது மேஸ்திரி சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். கோபுரம் பாதியில் நிற்க, டிவி அணைந்தது. வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனி யாருடி அதை எடுத்துக் கட்டுவான்?"

"செவ்வாக்கிழமை தெரியும்" என்றேன்.