மாடிப்படியில் சீனப் பூச்சாடி

அந்தப் பேருந்தில் என் கணவருக்கு இடம் கிடைத்திருந்தது. அவர் வேலை பார்த்த வளைகுடா நகரத்தில் ஏவுகணைகள் விழத் தொடங்கி நான்கு நாளாகியிருந்தது. விமான நிலையம் மூடிவிட்டதால் நம் ஆட்களைச் சாலை வழியாகப் பக்கத்து நாட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நான் கேரளத்து வண்டிப்பெரியாரில், தேயிலை எஸ்டேட்டின் லயக் குடியிருப்பில் இருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. கொழுந்து எடை போடும் கொட்டகை வரை மேடேறினால்தான் வீடியோ கால். அன்று மட்டும் ஐந்து முறை ஏறினேன்.

"பஸ் கெளம்பிருச்சாங்க?"

"நான் ஏறல. மேடம் தனியா நிக்கிறாங்க."

அவருக்கு அருங்காட்சியகத்தில் பொருள்களைத் தூக்கி வைக்கும் வேலை. மேல்தளத்தில் இருந்த சீனத்துப் பீங்கான் அத்தனையையும் நிலவறைக்கு இறக்க வேண்டும். தூக்கத் தெரிந்த மற்ற மூன்று பேரும் கிளம்பிவிட்டார்கள். மேடம் என்று அவர் சொல்லும் பொறுப்பாளர் அம்மாளும் இவரும்தான் மிச்சம்.

"சட்டிக்காகவா பஸ்ஸ விட்டீங்க? பிள்ளைக்கு நான் என்ன சொல்ல?"

அவர் கேமராவைத் திருப்பினார். பச்சைக் கிண்ணம் ஒன்று. விரிசலைக் கவ்வியபடி வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பிகள். "எழுநூறு வருசமாம் புள்ள. ஒடஞ்சத எவனோ தச்சு வச்சிருக்கான் பாரு."

எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. போனை அணைத்தேன். உடனே மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் நான் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில் தூளைத் தரம் மாற்றிக் கொட்டி ஏச்சு வாங்கினேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர மனுக் கொடுக்கப் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினேன். "அபேட்ச எழுதித் தரணம், சேச்சி" என்று குமாஸ்தா மனுப் படிவத்தை நீட்டினார். திரும்பி வராத காரணம் என்று அதில் ஒரு கட்டம். பீங்கான் என்று எழுத வெட்கமாக இருந்தது. வேலை என்று எழுதினேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அவரே கூப்பிட்டார். கடைசியாக ஆளுயரப் பூச்சாடி ஒன்றை இருவருமாக இறக்கும்போது, படிக்கட்டின் நடுவில் சைரன் ஊதியிருக்கிறது. வைத்துவிட்டு ஓடவும் முடியாது. ஜாடியைக் கட்டிப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கட்டடம் குலுங்கி, மேலே கண்ணாடியெல்லாம் கொட்டியதாம்.

"ஜாடிக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

"ஒங்களுக்கு?"

"சட்டையெல்லாம் கண்ணாடித் தூளு. ஒதறிக்கிட்டிருக்கேன்."

எட்டு நாள் கழித்து, அதே சாலை வழியில் பக்கத்து நாடு போய் விமானம் ஏறி வந்தவர், கோட்டயத்திலிருந்து குமுளி போகும் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பஸ் ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் திட்டினேன். திட்டிக்கொண்டே பையை வாங்கினேன்.

இப்போது சண்டை நின்றிருக்கிறது. போன வாரம் அருங்காட்சியகத்து அம்மாள் அவருக்குப் போன் செய்தார்.

"எறக்குனவனுக்குத்தான் திரும்ப ஏத்தத் தெரியும்ங்கிறாங்க" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

அன்றிலிருந்து அவருடைய பாஸ்போர்ட்டைப் பீரோவின் மேல்தட்டிலும், அரிசி டின்னுக்குப் பின்னாலும், என் சேலைகளுக்கு அடியிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறேன்.