நின்றுபோன கொலம்பஸ்

திண்டுக்கல் பொருட்காட்சியில் ஊஞ்சல் மாதிரி ஆடுமே ஒரு கப்பல், அந்தக் கொலம்பஸ் என்றால் என் மனைவிக்கு உயிர். எனக்குப் பயம். வருசா வருசம் அவள் செருப்பையும் கைப்பையையும் காவல் காத்துக்கொண்டு கீழேயே நின்றுவிடுவேன்.

இந்த வருடம் அவள் வரிசையில் நிற்கும்போதே, "பேரிங் போயிருச்சு, இனிமே ஓடாது" என்றார் ஆபரேட்டர். கூட்டம் கத்தியது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

"அண்ணே, செத்த நேரம் சும்மா உக்காந்துட்டாவது போறோமே" என்று இவள் கெஞ்சவும், அவர் சங்கிலியை அவிழ்த்துவிட்டார். எல்லோரும் ஏறினார்கள்.

"இப்பவாச்சும் வாங்க, நகராது" என்று என்னையும் இழுத்தாள்.

யாரோ "ஓ..." என்று ஆரம்பிக்க, அத்தனை பேரும் முன்னும் பின்னும் சாய்ந்து அலறினார்கள். நான் கண்ணை இறுக மூடி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிக்கிற கொலம்பஸுக்கே இம்புட்டு பயமா?" விழுந்து விழுந்து சிரித்தாள்.

இத்தனை வருடம் கீழே நின்று அண்ணாந்து பார்த்த சிரிப்பு அது. அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.